32 டிகிரி வெயிலிலும் எனக்கு மட்டும் ஏன் குளிருகிறது? உடம்பு வலி வேறு (வயது 48)

மல்லிப்பந்தல் | சுங்கை சிப்புட், மலேசியா | 4 மார்ச், இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வயது 48. முன்பு தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருந்தோம், இப்போது டவுன் பக்கம் தாமான் (குடியிருப்பு) வீடு. பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை.

ஒன்றரை வருடமாக உடம்பு முழுக்க வலி. இன்ன இடம் என்று தொட்டுக் காட்டத் தெரியவில்லை. தொடை, கெண்டைக்கால், முதுகு, இடது தோள் என்று மாறி மாறி வலிக்கும். காலையில் எழுந்தால் ராத்திரியெல்லாம் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். துணி பிழிய முடியவில்லை, மகள்தான் பிழிகிறாள்.

அதோடு குளிர். கேண்டீனில் இரண்டு அடுப்புக்கு நடுவே நின்றாலும் விரல் நுனி ஜில்லென்று இருக்கும். வீட்டில் தினமும் காற்றாடிச் சண்டை. அவருக்கு 5ஆம் நம்பர் வேண்டும், எனக்கு 1 கூட ஆகாது. கேமரன் மலைக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஹாலில் போய்ப் படுக்கிறேன். பிள்ளைகள் "அம்மா கேமரன்" என்று கேலி செய்கிறார்கள்.

ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்தான், வயசாகுதும்மா" என்றார்கள். ஊசியும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை இருக்கும்வரை பரவாயில்லை, தீர்ந்தால் பழைய கதைதான். இப்படியே எட்டு மாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள், இவ்வளவு குளிருகிறது என்கிறவள் ஐஸ் கட்டி மென்றுகொண்டிருக்கிறேன். சிராப் தண்ணிக்கு உடைத்து வைத்த ஐஸை ஒரு கோப்பையில் போட்டுக் கடுக் கடுக் என்று மெல்லாவிட்டால் கை ஓடாது. பல் போய்விடும் என்று மகள் திட்டுகிறாள்.

வாய்வு என்கிறார் ஒருவர், நரம்புத் தளர்ச்சி என்கிறார் இன்னொருவர். உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா?

கொய்யாமரம் | 4 மார்ச், இரவு 11:02

அக்கா, கடைசிப் பிள்ளைக்குப் பத்தியம் ஒழுங்காக இருந்தீர்களா? பிள்ளை பெற்ற உடம்போடு பச்சைத் தண்ணீரில் புழங்கினால் நாற்பதுக்கு மேல் காட்டிக் கொடுக்கும் என்பார் என் மாமியார். பூண்டு, மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள். ராத்திரி காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேயுங்கள். ஐஸை முதலில் நிறுத்துங்கள், அதுதான் குளிர்ச்சி.

செம்பனைக்காட்டான் | குளுவாங் | 5 மார்ச், காலை 6:15

தங்கச்சி, சிக்குன்குனியா வந்திருந்ததா? 2008இல் ஜொகூரில் அது பரவியபோது எங்கள் தோட்டத்தில் பாதி லயம் படுத்துவிட்டது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, மூட்டு வலி போகவில்லை. பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) நொண்டிக்கொண்டே போவோம். எனக்குக் கணுக்கால் சரியாக எட்டு மாதம் ஆனது. அதற்கும் முன்னால் 1998இல் கிள்ளான் பக்கம் வந்தது, 2006இல் உங்கள் பேராவிலேயே பாகான் பஞ்சோரில் வந்தது. யோசித்துப் பாருங்கள்.

பழைய மிஸ்ஸி | 5 மார்ச், காலை 8:40

அரசாங்க நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மல்லிப்பந்தல், "எல்லாம் நார்மல்" என்று சொன்னால், எதை எல்லாம் பார்த்தீர்கள் என்று உடனே கேட்க வேண்டும். பார்த்ததுதான் நார்மல். பார்க்காதது நார்மலா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அந்த ரிப்போர்ட் காகிதத்தை வாங்குங்கள். அது உங்கள் ரத்தம், உங்கள் காகிதம். கூச்சப்படாதீர்கள்.

கொய்யாமரம், பத்தியத்தை நான் பழிக்கவில்லை. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் உட்கார வைத்துச் சோறு போட்டது நல்ல வழக்கம்தான். ஆனால் இருபது வருடத்துக்கு முந்தைய பச்சைத் தண்ணீர் இன்றைக்கு வந்து தொடையைப் பிடிக்காது. ரசம் குடிக்கட்டும், அதில் தப்பில்லை.

சில கேள்விகள்.

விரல் குளிரும்போது நிறம் மாறுகிறதா? வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து குத்துகிறது என்றால் அது ரேனாட், குளிரில் விரல் ரத்தக்குழாய் சுருங்கும் கோளாறு. லூபஸ் மாதிரி, உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்களோடும் அது வரும் என்பதால் அசட்டையாக விடக்கூடாது. காலையில் கைவிரல் மூட்டு வீங்கி, மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா? அப்படியென்றால் வாத நோய்க்கான சோதனை வேண்டும். மலச்சிக்கல், முடி கொட்டுவது, குரல் கரகரப்பு, சாப்பிடாமலே எடை ஏறுவது? அது தைராய்டு பக்கம். எடை குறைகிறதா, ராத்திரி காய்ச்சலோ விடாத இருமலோ உண்டா? அப்படி இருந்தால் இங்கே உட்கார்ந்து எழுத வேண்டாம், நேராகக் கிளினிக் போங்கள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? கொலஸ்ட்ரால் மாத்திரை சிலருக்குத் தசை வலி கொடுக்கும். பிரஷருக்குக் கொடுக்கும் அட்டெனோலால் வகை மாத்திரை கை காலைக் குளிர வைக்கும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறைந்து கால் மரத்துப் போகலாம்.

மாதவிலக்கு எப்படி இருக்கிறது? நின்றுவிட்டதா, தள்ளிப் போகிறதா, அதிகமா?

அப்புறம் அந்த ஐஸ். அதை நிறுத்தச் சொல்லி யாரும் வற்புறுத்தாதீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான தடயமாகத் தெரிகிறது. காகிதம் வந்ததும் சொல்லுங்கள்.

வெள்ளைப்பூண்டு | தெலுக் இந்தான் | 5 மார்ச், பகல் 1:10

தைராய்டுதான், பந்தயம் கட்டுகிறேன். எனக்கு 44இல் இதே கதை. உடம்பு வலி, குளிர், குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி ஆகிவிட்டது. கோவில் பஜனையில் பாடுவதையே நிறுத்திவிட்டேன். டி.எஸ்.எச். என்ற ஒரே சோதனையில் கண்டுபிடித்தார்கள். இப்போது தினம் லெவோதைராக்ஸின். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் மட்டும் போட வேண்டும், அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கோப்பிகூடக் கூடாது. முதல் நான்கு மாதம் கோப்பி ஓவோடு (பால் இல்லாத கோப்பி) விழுங்கிக்கொண்டிருந்தேன், மருந்து ஏறவே இல்லை.

லோரி அண்ணன் | 5 மார்ச், இரவு 9:30

மிஸ்ஸி சொன்ன கொலஸ்ட்ரால் மாத்திரை விஷயம் சத்தியமான உண்மை. என் வீட்டுக்காரிக்குத் தொடை வலி அதனால்தான் வந்தது. ஆனால் தானாக நிறுத்தாதீர்கள். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், இப்போது நன்றாக நடக்கிறாள்.

மல்லிப்பந்தல் | 7 மார்ச், இரவு 9:55

காகிதம் வாங்கிவிட்டேன் மிஸ்ஸி. கவுன்டர் பெண் எதற்கு என்று கேட்டாள், "என் ரத்தம், என் காகிதம்" என்றேன். கொடுத்துவிட்டாள்!

விரல் நிறம் மாறவில்லை. மூட்டு வீக்கம் இல்லை. எடை அப்படியேதான். வலி மாத்திரை தவிர வேறு மருந்து கிடையாது. சிக்குன்குனியா வந்ததில்லை அண்ணே.

சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிட்னி, யூரிக் ஆசிட் எல்லாம் சரி. தைராய்டு பார்க்கவே இல்லை. எச்.பி. (ஹீமோகுளோபின்) 8.4, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு) 61, அதற்கும் நட்சத்திரம். ஆனால் இது எனக்குப் பழகியது. நான் தலசீமியா கேரியர், அதாவது அந்தப் பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவள், நோயாளி இல்லை. மூத்தவள் வயிற்றில் இருந்தபோதே சொல்லிவிட்டார்கள். அதனால் ரத்தம் குறைவாகத்தான் காட்டும் என்று கிளினிக்கில் அதை விட்டுவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன்.

சோதனைக்குழாய் | ஈப்போ | 8 மார்ச், காலை 7:20

நான் லேப்பில் வேலை செய்கிறவன். இந்த இடத்தில் குறுக்கே வராமல் இருக்க முடியவில்லை.

கேரியர் என்றால் சிவப்பணு சின்னதாக இருக்கும், எச்.பி. கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான். 10, 11, 12 என்று ஓடும். கேரியராக இருப்பது மட்டுமே ஒருவரை 8.4க்கு இறக்குவது வழக்கமில்லை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 8.4 எங்கே இருக்கிறது பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், இரும்புச்சத்து குறைந்தாலும் சிவப்பணு சின்னதாகத்தான் ஆகும். இரண்டும் கண்ணாடிக்கு அடியில் ஒன்று போலவே இருக்கும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13க்கு மேலா கீழா என்று பார்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆனால் ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்து இருந்தால் அந்தக் கணக்கும் காலை வாரிவிடும். கேரியர் என்று ஒருமுறை முத்திரை விழுந்தவரிடம் யாரும் இரும்பைத் தேடுவதில்லை. மாதத்துக்கு நாலைந்து காகிதத்தில் நானே பார்க்கிறேன், சலித்துவிட்டது.

ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை. உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பை அது காட்டும். 15க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. 30 வரை இருந்தாலும் குறைவுதான் என்று பல டாக்டர்கள் மருந்து கொடுப்பார்கள். காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது பொய்யாக ஏறும், அதனால் உடம்பு சரியாக இருக்கிற நாளில் கொடுங்கள்.

ஐஸ் மெல்லுவது இரும்புக் குறைவுக்கு நன்றாகத் தெரிந்த அடையாளம். மிஸ்ஸி அதைத்தான் பிடித்திருக்கிறார்.

சாக்பீஸ் | 8 மார்ச், மாலை 4:45

நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இன்னொரு பக்கத்தையும் சொல்லி வைக்கிறேன். எனக்கு ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி, வாத சோதனை எல்லாமே உண்மையிலேயே சரியாக இருந்தன. வலி மட்டும் இருந்தது. சேலைத் தலைப்பு தோளில் உரசினாலே வலிக்கும். ஏர்கோன் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இரண்டு நாள் படுக்கை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி. மூன்று டாக்டரிடம் போய், வீட்டில் "நடிக்கிறாள்" என்று பெயர் வாங்கிய பிறகு, மூட்டு நிபுணர் ஒருவர் ஃபைப்ரோமையால்ஜியா என்றார்.

முன்பெல்லாம் உடம்பில் 18 இடங்களை அழுத்தி 11 இடத்தில் வலித்தால்தான் அந்தப் பெயர் கொடுப்பார்களாம். அது 1990இன் விதி. 2010இல் மாற்றிவிட்டார்கள். இப்போது எத்தனை இடத்தில் வலி, தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு, மூன்று மாதம் தாண்டியதா என்று கேட்டே முடிவு செய்கிறார்கள். இதற்கு ரத்தச் சோதனை கிடையாது. எனக்கு ராத்திரி சின்ன அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள், அது தூக்கத்தைச் சரி பண்ணியது. வலியைக் குறைத்தது நடைதான். முதல் வாரம் ஐந்தே நிமிடம் நடந்தேன், இப்போது பள்ளித் திடலை நான்கு சுற்று. யாரும் முதல் நாளே நான்கு சுற்றில் ஆரம்பிக்காதீர்கள், மறுநாள் எழ முடியாது.

மல்லிக்கு இதுதான் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்த பிறகு வருகிற பெயர் இது.

உடம்புக்கு_நல்லது | 9 மார்ச், காலை 11:00

சிஸ்டர் எல்லாரும் வீண் கவலை. இயற்கை மூலிகை கேப்ஸ்யூல், இரண்டே நாளில் வலி பறந்துவிடும், என் அம்மா மாடிப்படி ஓடுகிறார். ஒரு டப்பா 80 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு எடுத்தால் தபால் செலவு இலவசம். தொடர்புக்கு [எண் நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]

பழைய மிஸ்ஸி | 9 மார்ச், பகல் 12:25

இரண்டே நாளில் வலி பறக்கிறதா? அப்படிப் பறக்க வைக்கிற மூலிகையை என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்ததில்லை. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த மூலிகையை நிறையப் பார்த்திருக்கிறேன். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்து, மூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலப்படம் என்று சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை எச்சரித்துவிட்டது. முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டு, சர்க்கரை ஏறி, எலும்பு இளைத்து வருவார்கள். திடீரென்று நிறுத்தினால் இன்னும் ஆபத்து. உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்துபோயிருக்கும், பிரஷர் இறங்கி மயங்கி விழுவார்கள். தம்பி, உங்கள் அம்மா நிஜமாகவே அதைச் சாப்பிடுகிறார் என்றால், டப்பாவோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கோபத்தில் சொல்லவில்லை.

டப்பாவில் எம்.ஏ.எல். என்று ஆரம்பிக்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இல்லையென்றால் தொடாதீர்கள். எண் இருந்தாலும் உண்மையா என்று அமைச்சின் தளத்தில் தேடிப் பாருங்கள்.

மல்லிப்பந்தல், என் கேள்வி ஒன்றுக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மல்லிப்பந்தல் | 9 மார்ச், இரவு 11:48

தெரியும் மிஸ்ஸி. தெரிந்துதான் விட்டேன். அண்ணன்மார் எல்லாம் இருக்கிற இடத்தில் எப்படி எழுதுவது என்று இருந்தது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடமாக ஒன்பது நாள், பத்து நாள் போகிறது. கட்டி கட்டியாக. முதல் மூன்று நாள் இரண்டு பேட் சேர்த்து வைத்தும் தாங்காது. மெத்தையில் ஆகிவிடுமோ என்று பழைய மேசை விரிப்பு பிளாஸ்டிக்கைப் போட்டுப் படுக்கிறேன். கேண்டீனுக்குக் கறுப்புக் கைலிதான். நிற்கப் போகிற காலத்தில் இப்படித்தான் கொட்டித் தீர்க்கும் என்று அம்மா சொல்வார். அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம். அதனால் இதை ஒரு நோயாகவே நினைக்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பழைய மிஸ்ஸி | 10 மார்ச், காலை 5:50

எழுதியதற்கு நன்றிம்மா.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்துப் பெண் வெளுத்துப்போய் வந்தால் கொக்கிப்புழுவைத்தான் முதலில் நினைப்போம். செருப்பில்லாமல் பால்மரக் காட்டில் நடந்த கால்கள். டிரஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் சேர்த்தே கொடுப்பார். அப்போதும் மாதவிலக்கு பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதில் மட்டும் இன்னும் மாற்றமில்லை.

உங்கள் ரத்தம் இரண்டு வழியாகப் போயிருக்கலாம். ஒன்று நீங்கள் சொன்னது. இன்னொன்று எட்டு மாத வலி மாத்திரை. அந்த வகை மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிய வைக்கும். வலிக்கு என்று சாப்பிட்டதே வலியை வளர்த்திருக்கலாம்.

ஏன் குளிருகிறது என்று கேட்டீர்கள். உடம்பு சூடு உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும், அதைச் சுமப்பது ரத்தம். ரத்தம் குறைந்தால் உடம்பு இதயத்துக்கும் மூளைக்கும் முதலில் அனுப்பும், கை காலுக்குக் கடைசியில்தான். தசைக்கும் அதே பஞ்சம்தான். வீடு கூட்டுவதே மூட்டை தூக்கியது போல ஆகிவிடும்.

இன்றைக்கே கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போங்கள். ஒரு வெள்ளிதான். காகிதத்தைக் காட்டுங்கள். ஃபெரிட்டினும் டி.எஸ்.எச்.சும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், கடைசியில் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லாதீர்கள். 45க்கு மேல் இப்படிப் போனால் ஸ்கேன் எடுப்பார்கள், கருப்பையின் உள்தோலில் கொஞ்சம் எடுத்தும் சோதிப்பார்கள். பயமுறுத்துவதற்கு இல்லை, கெட்டது இல்லை என்று உறுதி செய்வதற்கு. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ கிளினிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

செம்பனைக்காட்டான் | 10 மார்ச், காலை 6:30

தங்கச்சி, எங்களால் சங்கடப்பட்டிருந்தால் மன்னிக்கணும். இதைப் படித்துவிட்டு என் வீட்டில் கேட்டேன். அவளுக்கும் அப்படித்தானாம், மூன்று வருடமாக. ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

மல்லிப்பந்தல் | 2 ஏப்ரல், இரவு 10:05

ஃபெரிட்டின் 5. தைராய்டு சரியாக இருக்கிறது. ஸ்கேனில் கருப்பையில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டி, பெரியது எலுமிச்சை அளவு என்றார் டாக்டர். உள்தோல் சோதனை முடிவும் நேற்று வந்தது, பயப்படும்படி ஒன்றுமில்லை. முடிவு வரும்வரை பத்து நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மாதவிலக்கு நாட்களில் போடுவதற்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும் தினம் இரும்பு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். வலி மாத்திரையை டாக்டர் கையோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஐஸ் ஆசை பத்தே நாளில் போய்விட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், போன திங்கட்கிழமை சிராப்புக்கு ஐஸ் உடைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். வாயில் போடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

வெள்ளைப்பூண்டு | 2 ஏப்ரல், இரவு 10:40

பந்தயத்தில் தோற்றேன். வடை வாங்கித் தருகிறேன், தெலுக் இந்தான் வந்தால்.

சோதனைக்குழாய் | 3 ஏப்ரல், காலை 7:05

இரும்பு மாத்திரையோடு தே தாரிக் வேண்டாம் அக்கா, ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைத் தண்ணீரோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம். தார் மாதிரி பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் மட்டும் சொல்லுங்கள். எச்.பி. ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் மூன்று மாதம் பிடிக்கும்.

மல்லிப்பந்தல் | 21 ஜூன், இரவு 9:15

எச்.பி. 11.1. கால் வலி அநேகமாகப் போய்விட்டது, துணி நானே பிழிகிறேன். எம்.சி.வி. மட்டும் இன்னும் 66, நட்சத்திரம் போகவில்லை. அது ஏன்?

இடது தோள் சரியாகவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய் ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இது தோள் மூட்டு இறுகிப்போனது, ரத்தத்தோடு சம்பந்தமில்லை, இந்த வயதில் நிறையப் பெண்களுக்கு வரும் என்றார். பிசியோவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாமாம்.

சோதனைக்குழாய் | 22 ஜூன், காலை 7:12

அந்த நட்சத்திரம் உங்கள் பரம்பரைச் சொத்து, போகாது. கேரியருக்கு எம்.சி.வி. பெரும்பாலும் 80ஐத் தொடாது. 11 சொச்சமே உங்கள் மேல்மட்டமாக இருக்கலாம். இனிமேல் யாராவது எம்.சி.வி.யைப் பார்த்துவிட்டு இரும்பு மாத்திரையைத் தொடரச் சொன்னால், ஃபெரிட்டின் எவ்வளவு என்று கேளுங்கள். இரும்பு கூடினாலும் கெடுதல். உங்கள் மகளும் கேரியரா என்று பார்த்துவிடுங்கள், கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 2016இல் நான்காம் படிவப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சோதிக்க ஆரம்பித்தார்கள், அவர் அதற்குப் பிறகு படித்திருந்தால் முடிவு வீட்டிலேயே இருக்கும்.

மல்லிப்பந்தல் | 22 ஜூன், இரவு 8:50

தேடினேன் தம்பி. அலமாரியில், பிறப்புப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. அவளும் கேரியர்தான். அவளுக்கும் ஃபெரிட்டின் பார்க்க அடுத்த வியாழன் நாள் கொடுத்திருக்கிறார்கள். காற்றாடி இப்போது 3இல் ஓடுகிறது, அவர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.